உங்களுக்குத் தெரியுமா? – அழுக்கை அளந்து பூசுகிறவர்கள்

பிரான்சில் லெ மான் என்று ஓர் ஊர். 1923-இல் அங்கே 24 மணி நேர கார் பந்தயம் தொடங்கியது. சனிக்கிழமை கிளம்பினால் மறுநாள் அதே நேரம்வரை ஓட்டம்தான். ஓட்டுநர் மாறலாம், டயர் மாறலாம், கார் மட்டும் மாறக் கூடாது. அந்தக் கார்களை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, சீட் பெல்ட் கொக்கி முதல் ஸ்பார்க் பிளக் ஒயர் வரை அப்படியே செய்து பார்க்கும் கிறுக்கு உலகெங்கும் ஒரு கூட்டத்துக்கு உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு. மேசையில் பெயின்ட் காயக் காத்திருந்த நேரங்களில் சேர்த்து வைத்த சங்கதிகள் இவை.

● "எந்த கார் செய்யறீங்க?" என்று வெளியாள் கேட்பார். கிறுக்குப் பிடித்தவர் கேட்பது வேறு: "எத்தனை மணி கார்?" 24 மணி நேரம் ஓடும் கார் கிளம்பும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். இருட்டுகிற நேரத்தில் மூக்கெல்லாம் பூச்சி. நள்ளிரவில் யாரோ உரசிவிட்டுப் போன கீறல், அதன்மேல் அவசரத்தில் ஒட்டிய டேப். விடிவதற்குள் மூக்கையே கழற்றி வேறு மாட்டியிருப்பார்கள்; முன்பக்கம் புத்தம் புதுசு, பின்பக்கம் படு கிழடு. இதில் எந்த நேரத்தைச் செய்யப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் பெட்டியைப் பிரித்தால் பாதியில் முழிக்க வேண்டியதுதான்.

● என் மேசையில் இருப்பது 1991-இல் ஜெயித்த மாஸ்டா 787பி, எண் 55. நிஜ கார் 4.78 மீட்டர் நீளம். மாடல் 20 செ.மீ. உயரம் 4 செ.மீ. சொச்சம், அதாவது படுக்க வைத்த தீப்பெட்டிகள் மூன்றை அடுக்கினால் வருகிற அளவு. அதற்குள்தான் ஓட்டுநர் இருக்கை, ஸ்டியரிங், மீட்டர்கள், தீயணைப்பான் எல்லாம்.

● எடையும் 24-இல் ஒரு பங்காகக் குறையும் என்று நினைத்தால் தப்பு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 24 மடங்கு குறைவதால் எடை 13,824 மடங்கு குறைய வேண்டும். 830 கிலோ மாஸ்டாவுக்குக் கணக்குப்படி வருவது 60 கிராம். ஒரு கோழி முட்டை!

● 1/24 என்ற அளவு ஏன் வந்தது? ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்ததால். 1/12 என்றால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். இரண்டும் அங்குலக்காரர்களின் வசதிக்கு வந்தவை. சின்ன கார்களில் பேர்பெற்ற 1/43 மட்டும் ஏன் இப்படி ஒரு கோணல் எண்? அது ரயிலின் உபயம். பொம்மை ரயில்காரர்கள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று அடியையும் மில்லிமீட்டரையும் கலந்து கட்டினார்கள். வகுத்துப் பார்த்தால் 43.5. ரயில் நிலையத்து வாசலில் நிறுத்தி வைக்கச் செய்த கார்களும் அதே அளவில் வந்தன.

● ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம், 1970-களில் போர்ஷே 934 பந்தயக் காரை 1/12 அளவில் கொண்டுவர முடிவு செய்தது. படம் பார்த்து அளவெடுத்தது போதவில்லை. நிறுவனத்தின் ஷுன்சாகு தமியா ஒரு நிஜ போர்ஷே 911-ஐயே வாங்கி, கடைசி நட்டு வரை பிரித்துப் போட்டு அளவெடுக்க வைத்தார். பிரித்தாயிற்று. திரும்பப் பூட்டத் தெரியவில்லை! கடைசியில் போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைத்துத்தான் காரை ஒன்று சேர்த்தார்கள். பாகங்கள் பரப்பிக் கிடக்கிற மேசையைப் பார்த்து விழிக்கும்போதெல்லாம் இந்தக் கதை எனக்குப் பெரிய ஆறுதல்.

● பிளாஸ்டிக் மாடலுக்குப் போடும் சிமென்ட் நிஜத்தில் ஒட்டுவதே இல்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிடும்; கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே துண்டு. ஏறக்குறைய வெல்டிங். ஆனால் கண்ணாடிப் பாகங்களின் அருகே இதையும் கொண்டுபோகக் கூடாது, சூப்பர் க்ளூவையும் கொண்டுபோகக் கூடாது. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, காருக்கே கண்புரை வந்த மாதிரி ஆகிவிடும். அங்கே நம்ம ஃபெவிகால்தான் சரி. பால் மாதிரி இருப்பது காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது.

● நிஜ காரின் பெயின்ட் சுமார் 100 மைக்ரான் தடிமன். அதை 24-ஆல் வகுத்தால் 4 மைக்ரான். பிரைமர், நிறம், மேலே வார்னிஷ் என்று மாடலில் பூசினால் 100 மைக்ரானுக்குக் குறையாது, தலைமுடியைவிடத் தடிமன். நிஜ காரில் இரண்டரை மில்லிமீட்டர் பெயின்ட் அப்பியதற்குச் சமம்! கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோடெல்லாம் இதில் மூழ்கிப்போகும். அதனால் பெயின்ட் டப்பாவைத் தொடுவதற்கு முன்பே ஊசியால் அந்தக் கோடுகளை ஆழமாகக் கீறிக்கொள்வார்கள்.

● மாஸ்டா 787பி-க்கு பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின். லெ மானில் பிஸ்டன் இல்லாமல் ஜெயித்த கார் இது ஒன்றுதான். முதலில் ஜெயித்த ஜப்பானிய காரும் இதுவே. 4 ரோட்டர், ரோட்டருக்கு 3 ஸ்பார்க் பிளக், ஆக மொத்தம் 12 ஒயர். ஒயரின் தடிமன் 0.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் தனியாக விற்கிறார்கள். பழைய இயர்போன் கம்பியை உரித்தாலும் கிடைக்கும், நான் உரித்தேன். போர்ஷே 917 செய்கிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அதில் 12 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், 24 ஒயர். எல்லாம் முடித்து மூடியைப் போட்டால் ஒன்றும் தெரியாது.

● "ரோட்டரி ஜெயித்ததும் பொறாமையில் அதைத் தடை செய்துவிட்டார்கள்" என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில், எஞ்சின் எல்லாம் 3.5 லிட்டராக இருக்க வேண்டும் என்ற விதிமாற்றம் அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவானது. மாஸ்டாவுக்கு 1991 கடைசி வாய்ப்பு என்பது கிளம்பும்போதே தெரியும்.

● அந்தப் பந்தயத்தில் 787பி 19-ஆவது இடத்தில் நின்று கிளம்பியது. மூன்று சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடிஸ், கடைசி மூன்று மணி நேரத்துக்குள் எஞ்சின் கொதித்து நின்றுபோனது. ஆரஞ்சு-பச்சை மாஸ்டா 362 சுற்று, சுமார் 4,923 கிலோமீட்டர் ஓடி முடித்தது. கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் நீர்ச்சத்து வற்றிச் சுருண்டு விழுந்ததால் வெற்றி மேடைக்கே வரவில்லை. மற்ற இருவர், வோல்கர் வைட்லரும் பெர்த்ராண்ட் கஷோவும் ஏறினார்கள். கார் தெம்பாக இருந்தது, மனிதர் சாய்ந்துவிட்டார்.

● அந்த ஆண்டு மாஸ்டா அணி கொண்டுவந்தது மூன்று கார்கள். 18-க்கும் 56-க்கும் வெள்ளையும் நீலமும். 55-க்கு மட்டும் ரெனவுன் என்ற ஜப்பானிய ஆடை நிறுவனத்துக்காக ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமாக, இடையிடையே மெல்லிய வெள்ளைக் கோட்டோடு. சட்டைத் துணி மாதிரி இருக்கும். மாடல்காரனுக்கு இது தண்டனை. இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் அரை மில்லிமீட்டர் விலகினால் கட்டம் கோணும். கோணினால் அடுத்த கட்டத்தையும் கோண வைக்கும்.

● அந்த ஆரஞ்சு எந்த ஆரஞ்சு என்பதில் இரண்டு மாடல்காரர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். அந்தக் காலத்துப் படங்களெல்லாம் ஃபிலிமில் எடுத்தவை. மாலை வெயிலில் ஒரு நிறம், விளக்கொளியில் வேறு, ஃபிலிம் கம்பெனி மாறினால் இன்னொன்று. சண்டை தீரவே தீராது. நிஜ காரை ஹிரோஷிமாவில் மாஸ்டாவே வைத்திருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

● டெக்கால், அதாவது எண்ணும் எழுத்தும் அச்சிட்ட மெல்லிய படலம், ஒட்டுவது தனிக் கலை. தண்ணீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு வைக்க வேண்டும். சக்கரத்தின் மேல் வளைவில் அது படியாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். மேலே மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு. உடனே டெக்கால் சுருங்கி, கிழவி கை மாதிரி சுருக்கம் விழுந்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்று தோன்றும். இங்கே கையை வைத்தால்தான் நிஜமாகவே போகும். எழுந்து போய் டீ குடிக்க வேண்டும். அரை மணி கழித்து வந்தால் பெயின்ட் பூசின மாதிரி படிந்து கிடக்கும். முதல் காரில் எனக்கு டீ குடிக்கத் தெரியவில்லை. கதவில் இருந்த 55-இல் ஒரு 5 இரண்டாகக் கிழிந்து வந்தது.

● லெ மான் என்றதும் பலர் முதலில் செய்ய ஆசைப்படுவது வெளிர்நீலமும் ஆரஞ்சும் பூசிய கல்ஃப் அணியின் போர்ஷே 917. ஸ்டீவ் மெக்வீன் நடித்த 'லெ மான்' படத்தில் வந்து உலகப் புகழ் பெற்ற கார். அந்தக் கல்ஃப் 917 லெ மானில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 1970-இல் ஜெயித்தது சால்ஸ்பர்க் அணியின் சிவப்பு-வெள்ளை 917, எண் 23. 1971-இல் மார்டினி அணியின் நிறங்களில் எண் 22; அது அன்று ஓடிய 5,335 கிலோமீட்டர் சாதனை 2010 வரை அசையவில்லை.

● கல்ஃப் அணிக்கு இதில் ஒரு நியாயமான வருத்தம் இருக்கும். 1969-இல் வந்த புதிதில் 917 ஒரு பேய் வண்டி. வேகம் ஏற ஏற பின்பக்கம் மிதக்கும். ஓட்டுநர்கள் உட்காரவே பயந்தார்கள். அந்த அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் பக்கத்துப் பந்தயச் சாலையில் சோதனை ஓட்டம். எத்தனை மாற்றியும் பலனில்லை. கல்ஃப் கார்களை நடத்திய ஜே.டபிள்யூ. அணியின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஓடி வந்து நின்ற காரைச் சுற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் கொசு அப்பிக் கிடந்தது. வாலில் இருந்த காற்றுத் தடுப்பில் மட்டும் ஒரு கொசு இல்லை. கொசு வரவில்லையென்றால் காற்றும் வரவில்லை. அந்த வால் வெறும் அலங்காரம்! அலுமினியத் தகட்டை வெட்டி, டேப் போட்டு, அங்கேயே வாலை உயர்த்திக் கட்டினார்கள். அடுத்த ஓட்டத்தில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. 917கே பிறந்த கதை இதுதான். மாடலின் மூக்கில் ஊசி முனையால் செத்த பூச்சி வரைகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். உயரம் கூடிய அந்த வாலே பூச்சி கொடுத்தது.

● அதே 917-இன் கியர் குமிழ் பால்சா மரம். கிராம் கணக்கில் எடை குறைக்கும் வெறி அப்படி. அதைக் கறுப்பாகப் பூசிய மாடலைக் கண்காட்சியில் வைத்தால், பெரியவர் ஒருவர் கண்ணாடிக்குள் தலையை விட்டு "தம்பி, இது மரம்" என்பார். உருப்படியின் அளவு கடுகு.

● 917-இன் எலும்புக்கூடான குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து, அதற்கென்று ஒரு மீட்டரும் வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் என்று அர்த்தம்.

● 917-இல் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். நம் ஊர் மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். லெ மான் சாலை கடிகாரச் சுற்றில் ஓடுவதால் வலப்பக்கத் திருப்பங்கள் அதிகம்.

● 1967-இல் ஜெயித்த சிவப்பு ஃபோர்டு மார்க் 4-இன் கதவுக்கு மேல் தலையில் வீங்கின மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். ஓட்டிய டான் கர்னி நெட்டை மனிதர், ஹெல்மெட் இடித்தது. அதற்காகக் கூரையையே வீங்க வைத்தார்கள். அந்த அணியின் மற்ற கார்களில் அது இல்லை. மாடலில் அதை விட்டுவிட்டால் கர்னிக்குத் தலை இருக்காது.

● 1968-இல் ஜெயித்த ஃபோர்டு ஜிடி40-யும் 1969-இல் ஜெயித்ததும் ஒரே கார். சேஸிஸ் எண் 1075. முதல் வருடம் கதவில் 9, அடுத்த வருடம் 6. ஒரே காருக்கு இரண்டு மாடல் செய்ய நியாயம் கிடைத்ததில் எங்கள் கூட்டத்துக்கு மகா சந்தோஷம்.

● சீட் பெல்ட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? பட்டை 3 மில்லிமீட்டர் அகலம், கொக்கி ஒரு பொடி உலோகத் துண்டு. சாமணத்தில் பிடித்துக் கோத்து இழுக்க வேண்டும். இரண்டு கொக்கி எகிறிப் போய்விட்டது. தரையில் டார்ச்சைப் படுக்கவைத்து, தவழ்ந்து தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் பெல்ட்டுக்கு லெ மானில் ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் கொடி அசைந்ததும் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிப் போய் காரில் ஏற வேண்டும். அவசரத்தில் பெல்ட்டைப் போடாமலே கிளம்புவார்கள். 1969-இல் ஜாக்கி இக்ஸ் எல்லோரும் ஓட, தான் மட்டும் சாவகாசமாக நடந்து போனார். ஏறி, பெல்ட்டை மாட்டி, கடைசி ஆளாகக் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே பெல்ட் போடாத ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார். 24 மணி நேரம் கழித்து ஜெயித்தவர் நடந்து போன இக்ஸ்தான், சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில். மறு வருடம் ஓட்டுநர்கள் பெல்ட் மாட்டி உட்கார்ந்த பிறகுதான் கொடி அசைந்தது.

● ஆண்டி வார்ஹால் 1979-இல் ஒரு பிஎம்டபிள்யூ எம்1 காருக்குத் தானே பிரஷ் பிடித்து வண்ணம் பூசினார். 6 கிலோ பெயின்ட், 28 நிமிடம். கார் அந்த வருடம் லெ மானில் ஆறாவதாக வந்தது. அவர் 28 நிமிடத்தில் இழுத்த கோட்டை 1/24-இல் அப்படியே இழுக்க மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். கலைஞர் அலட்சியமாக வழியவிட்டதை நாம் அக்கறையாக வழியவிட வேண்டும், அதுதான் வம்பு.

● 1971-இல் ஓடிய போர்ஷே 917/20-க்கு இளஞ்சிவப்பு நிறம் பூசி, கசாப்புக் கடைப் படம் மாதிரி புள்ளிக் கோடு போட்டு, எந்தப் பகுதி என்ன கறி என்று ஜெர்மனில் எழுதியிருந்தார்கள். செல்லப் பெயர் 'இளஞ்சிவப்புப் பன்றி'. பந்தயத்தை முடிக்கவில்லை. 2018-இல் அதே கோலத்தில் வந்த போர்ஷே 911 தன் பிரிவில் ஜெயித்தது.

● பழைய ரோத்மன்ஸ் போர்ஷே, சில்க் கட் ஜாகுவார் மாடல் கிட்களை மறுபடி வெளியிடும்போது டெக்கால் தாளில் நடுவே வெறுமையாக இருக்கும். சிகரெட் பெயர்களை எடுத்துவிடுகிறார்கள். அந்த எழுத்துகளை மட்டும் தனியாக அச்சடித்து விற்கச் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. சிகரெட்டைத் தொடாதவர்கள்கூட அந்தப் பெயருக்கு அலைவது வேடிக்கைதான்.

● சென்னைக்காரர் கருண் சந்தோக் 2012-இல் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் இருந்த எச்பிடி கார் ஆறாவது இடம். அதற்கு முன் 2009-இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஆடி கார் ஒன்றில் இடம்பிடித்தார். தோளில் அடிபட்டதால் பந்தயத்தில் ஓட்ட முடியாமல் போனது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது. இப்படிப்பட்ட கார்களைச் செய்ய ஆசைப்படுகிறவர் டெக்கால் தாளை வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல்: வீட்டு பிரின்டருக்கு வெள்ளை நிறம் அச்சடிக்கத் தெரியாது. கறுப்புக் காரில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டெக்கால் தாளில் சுற்றிலும் கறுப்பை அடிக்க வேண்டும்.

● அழுக்குக்கு வருவோம். டப்பாவில் வரும் பழுப்பு பெயின்ட்டைக் கண்டபடி தெளித்தால் அது பந்தயக் கார் ஆகாது, மண் லாரி. லெ மான் அழுக்கு கறுப்பு: டயர் ரப்பரும் பிரேக் தூளும். சக்கரத்துக்குப் பின்னால் அடர்த்தியாகத் தொடங்கி, காற்று போகிற திசையில் வால்வரை இழுபட்டிருக்கும். உலர்ந்த பேஸ்டல் சாக்கை உப்புத்தாளில் உரசி, அந்தத் தூளை மெல்லிய பிரஷில் தொட்டு முன்னிருந்து பின்னாக மட்டும் தடவ வேண்டும். எதிர்த் திசையில் ஒரு தடவை இழுத்தாலும் கார் ரிவர்ஸில் பந்தயம் ஓடிய கதையாகிவிடும்.

● அவ்வளவு அழுக்கிலும் சில இடங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் மெக்கானிக்குகள் முன்கண்ணாடியையும் விளக்கையும் கதவிலிருக்கும் எண்ணையும் துடைத்துவிடுவார்கள். எண் தெரியாவிட்டால் நடுவர் எந்தக் கார் என்று எழுதுவார்? கறுத்துக் கிடக்கும் கதவில் 55 மட்டும் பளிச்சென்று, அதைச் சுற்றித் துணி வைத்துத் துடைத்த வட்டத் தடம். இந்தத் தடத்தைப் பல்குச்சி நுனியில் ஈரப் பஞ்சு சுற்றி எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

● பேஸ்டல் தூள் பூசி முடித்தால் மேலே மெல்லிய மேட் வார்னிஷ் அடித்து நிலைநிறுத்த வேண்டும். நான் வார்னிஷ் தீர்ந்துபோய்க் கடைக்குப் போயிருந்தேன். என் கார் 1991 ஜூன் 23, ஞாயிறு மாலை, கொடி விழுந்த நிமிடம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த அத்தை, "பாவம், பையன் ஆசையாச் செஞ்ச கார், யாரும் துடைக்கிறதில்ல போல" என்று ஈரத் துணியால் ஒரு பக்கத்தைத் துடைத்து வைத்திருந்தார். அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் நான் வந்துவிட்டேன். "என்னப்பா, இவ்ளோ கறுப்பா வருது!" என்று துணியைக் காட்டினார். "ஆமா அத்தை" என்றேன், வேறென்ன சொல்ல? இப்போது என் 787பி-க்கு இடப்பக்கம் சனிக்கிழமை, வலப்பக்கம் ஞாயிற்றுக்கிழமை. அலமாரியில் வலப்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தியிருக்கிறேன். அத்தை வருகிற நாளில் திருப்பி வைத்துவிடுவேன்.